ஏடு கேட்கும் வீட்டில் பிள்ளைகளுக்கும் ஒரு பணிவிடை

கார்த்திகை மாதம் பிறந்தால் சாமிதோப்புத் தலைமைப்பதியில் 17 நாள் திருஏடு வாசிப்பு. நிழல் தாங்கல்களில் அந்தந்த ஊர் வழக்கப்படி ஏடு வாசிப்புத் திருநாள் வெவ்வேறு மாதங்களில் வரும். முன்பெல்லாம் ஏடு கேட்க வேண்டுமானால் பதிக்கோ தாங்கலுக்கோ நடந்து போக வேண்டும். இன்று சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் பிழைக்கப் போன அன்புக்கொடி மக்கள் நேரலையில் வீட்டிலிருந்தபடியே கேட்கிறார்கள். ஊரை விட்டுப் போனவருக்கு ஏட்டின் குரல் எட்டுகிறது என்பது அய்யா கொடுத்த பெரும் பேறு.

ஆனால் அந்த வீடுகளில் பலவற்றில் நடப்பது என்ன? விளக்கேற்றித் தொலைக்காட்சியின் முன் எல்லோரும் அமர்கிறார்கள். கால் மணி நேரத்தில் சின்னவன் நெளிகிறான். அரை மணியில் பெரியவள் கைபேசியைத் தேடுகிறாள். "சும்மா இரி" என்று ஓர் அதட்டல், பிறகு இன்னொன்று, பிறகு ஓர் அடி. இது 17 நாளும் தொடர்ந்தால் பிள்ளையின் மனத்தில் பதிவது அய்யாவின் அவதாரமும் அல்ல, கலியன் பெற்ற வரமும் அல்ல. ஏடு என்றால் திட்டு வாங்கும் நேரம் என்பதே பதியும். வளர்ந்து தனக்கென்று ஒரு வீடு அமைக்கும் நாளில் அந்த வீட்டில் ஏடு ஒலிக்குமா என்பதை இந்தச் சின்ன வயதுக் கசப்பே தீர்மானித்துவிடும்.

தாங்கலில் இருந்தது, வீட்டில் இல்லாதது

தாங்கலில் ஏடு கேட்ட பிள்ளைகளும் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தவர்கள் அல்லர். மணலில் விளையாடினார்கள். ஓடிப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். பாட்டியின் மடியில் தூங்கினார்கள். ஆனால் அங்கே அவர்களுக்கு வேலை இருந்தது. பாய் விரிக்க ஒருவன், விளக்குக்கு எண்ணெய் எடுத்துவர ஒருத்தி, முடிந்ததும் இனிமம் கொடுக்கும் பெரியவருக்குப் பின்னால் தாம்பாளம் பிடிக்க நாலு பேர். ஓடியாடிய காதில் ஏட்டின் ராகம் விழுந்துகொண்டே இருந்தது. பத்து வருடம் அப்படிக் கேட்ட பிள்ளைக்கு, எந்த இடத்தில் ராகம் ஏறும், எந்த இடத்தில் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தராமலே தெரியும்.

வீட்டில் நேரலை பார்க்கும்போது ஏடு மட்டும் வந்து சேர்கிறது, வேலை வந்து சேர்வதில்லை. பிள்ளைக்கு மிஞ்சுவது "அசையாதே" என்ற கட்டளை ஒன்றுதான். அதனால் குறை பிள்ளையின் பக்தியில் இல்லை. தாங்கலில் கிடைத்த பணிவிடை வீட்டில் அதற்குக் கிடைக்கவில்லை என்பதே குறை. அதைக் கொடுத்துவிட்டால் பாதி வழி கடந்தாயிற்று.

காதால் வளர்ந்த வழி

அகிலத்திரட்டு அம்மானையை கொல்லம் 1016-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் அய்யாவின் அருளால் எழுதியவர் தாமரைகுளம் அரிகோபாலன் சீடர். அது அச்சேறியது 1939-இல். இடைப்பட்ட ஏறத்தாழ நூறு ஆண்டுகளும் ஓலையில் இருந்த ஏட்டை வாசிக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருவர்தான். மற்ற எல்லோரும் கேட்டே அறிந்தார்கள். எழுத்தறியாத பனையேறியும் நெசவாளியும் வயலில் நின்ற பெண்ணும் குறோணி கதையைத் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள் என்றால், அது காது வழியே வந்த கல்வி.

அம்மானை என்ற பெயரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெண்பிள்ளைகள் காய்களை மேலே எறிந்து பிடித்துக்கொண்டே பாடும் பழைய விளையாட்டுக்கு அம்மானை என்று பெயர். அந்த விளையாட்டுப் பாட்டின் வழியில் வந்ததே கதை சொல்லும் அம்மானை நூல் வகை. ஏட்டுக்குள்ளும் நாராயணர் இந்தக் கதை முழுவதையும் இலட்சுமி தேவிக்குச் சொல்வதாகவே அமைந்திருக்கிறது. ஒருவர் சொல்ல ஒருவர் கேட்கும் நூல் அது. ஆகவே ஏடு ஓடும் வீட்டில் ஒரு பிள்ளை கையை அசைத்தாலோ "அது யாரு?" என்று கேட்டாலோ ஏட்டுக்கு அவமரியாதை ஆகிவிடாது.

தொடங்கும் முன்: ஐந்து நிமிடக் கதை

ஏட்டின் தமிழ் பெரியவர்களுக்கே சில இடங்களில் கடினம். புரியாத பாட்டை இரண்டு மணி நேரம் கேள் என்றால் யாருக்கும் முடியாது. அன்றைய பகுதியில் வரும் கதையை, நேரலை தொடங்குவதற்கு முன் ஐந்தே நிமிடத்தில் வீட்டிலுள்ள ஒருவர் பேச்சுத் தமிழில் சொல்லிவிட வேண்டும். கதை தெரிந்த பிள்ளை, அந்தப் பெயர் எப்போது வரும் என்று காத்திருக்கும். காத்திருக்கும் காது தூங்காது.

முதல் சில நாள்களுக்கு யுகங்களின் வரிசையே நல்ல பாடம். நீடிய யுகத்தில் குறோணி. கடல் நீரைக் குடித்தும் பசி தீராமல் கயிலையையே விழுங்கியவன். மாயோன் தவம் இருந்து, ஈசரிடம் வரம் பெற்று, அவனை ஆறு துண்டாக வெட்டினார். அந்த ஆறு துண்டும் ஆறு யுகங்களில் பிறந்தன. சதுர யுகத்தில் குண்டோமசாலி. நெடு யுகத்தில் தில்லைமல்லாலனும் மல்லோசிவாகனனும். கிரேதா யுகத்தில் சூரபத்மனும் இரணியனும். திரேதா யுகத்தில் இராவணன். துவாபர யுகத்தில் துரியோதனன். கலியுகத்தில் கலியன். எட்டாவதாக வருவது தர்மயுகம்.

இதை ஒரு பெரிய தாளில் எட்டுக் கட்டங்களாகப் பிள்ளையே வரையட்டும். ஏட்டில் ஒரு யுகம் முடிந்ததும் அந்தக் கட்டத்துக்கு வண்ணம் தீட்டட்டும். எட்டாவது கட்டத்தை மட்டும் கடைசி நாள் பட்டாபிஷேக ஏடு வாசிக்கும் வரை வெள்ளையாகவே விட்டு வைக்க வேண்டும். தாள் சுவரில் தொங்கினால், இன்னும் எத்தனை நாள் என்ற கேள்வி "இன்னும் எத்தனை யுகம்?" என்று மாறும்.

கதை சொல்பவர் பாட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. ஊரில் இருக்கும் பாட்டியோடு கைபேசியில் பேச வைத்தாலும் போதும்.

"பாட்டி, குறோணிக்கு வயிறு நிறையவே செய்யாதா?"

"நிறையாது மக்களே. தனக்கு மட்டும் வேணும்னு நினைக்கவனுக்கு எவ்வளவு கிடைச்சாலும் நிறையாது."

இவ்வளவுதான் விளக்கவுரை. இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

நடக்கும்போது: வயதுக்கு ஏற்ற பணிவிடை

நேரலை தொடங்கும் முன் வீட்டைத் தாங்கலாக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். இடத்தைப் பெருக்குதல், பாய் விரித்தல், திருவிளக்குக்குத் திரி போடுதல், கண்ணாடி வைத்து வணங்கும் வீடானால் அதைத் துடைத்தல். நாமத்தைக் குழைத்துக் கொடுப்பது ஒரு பிள்ளையின் பொறுப்பு. வீட்டிலுள்ள எல்லோர் நெற்றியிலும் பெரியவர் திருநாமம் சாத்தும்போது அந்தப் பிள்ளை கிண்ணத்தைப் பிடித்து நிற்கட்டும். தாங்கலில் போலவே வீட்டிலும் தலைப்பாகை கட்டி அமரும் அப்பா, மகனுக்கும் ஒரு சின்னத் துண்டில் கட்டிவிட்டால், அவனை யாரும் "நேராக உட்கார்" என்று சொல்ல வேண்டியிராது.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வரும், போகும், தூங்கும். அதற்கு வேறு கட்டளை வேண்டாம். ஏட்டின் குரல் கேட்கும் தூரத்தில் விளையாடினால் போதும். தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம்.

ஆறு முதல் பத்து வயதுள்ள பிள்ளையின் கைக்கு வேலை வேண்டும். ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை, பக்கத்தில் ஒரு வெறுங்கிண்ணம். நாராயணர் பெயர் வரும்போதெல்லாம் ஒன்றை எடுத்துப் போட வேண்டும். மாயன், திருமால் என்று வேறு வேறு பெயரில் வரும்போதும் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கலாம். அகிலத்தில் விருத்தம், நடை என்று இரண்டு வகைப் பாட்டு உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வாசிப்பவர் மாறும்போது ராகம் மாறுவதைக் கேட்டுக் கை தூக்கச் சொல்லலாம். பெரியவர்கள் பலர் கவனிக்காத அந்த மாற்றத்தைப் பிள்ளையின் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அச்சிட்ட அகிலத்திரட்டைக் கையில் கொடுத்து, வாசிப்பவரோடு விரலை ஓட்டச் சொல்லலாம். வரி தவறினால் பரவாயில்லை, தேடிப் பிடிப்பதும் படிப்புதான். ஒரு நாளைக்கு மூன்று சொற்கள் குறித்துக்கொண்டு மறுநாள் பொருள் கேட்டு வரட்டும். துவரயம்பதி, தவசு, சான்றோர் என்று தொடங்கினால் 17 நாளில் 51 சொற்கள். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளைக்கு ஏட்டின் தமிழ் அந்நியமாக இராது.

எவ்வளவு நேரம்?

கார்த்திகை ஏடு நடக்கும் நாள்களை ஒட்டியே பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வும் வரும். எல்லா நாளும் முழு நேரமும் பிள்ளை அமர வேண்டும் என்று கட்டாயம் செய்தால் ஏடும் படிப்பும் ஒன்றுக்கொன்று பகையாகிவிடும். அதற்குப் பதிலாக ஒரு நாளுக்கு அரை மணி நேரம் என்று முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. அந்த அரை மணி முடிந்ததும், பிள்ளை எழுந்து அய்யாவை வணங்கிவிட்டுத் தன் பாடத்துக்குப் போகலாம். சொன்ன நேரத்தில் விட்டுவிடுகிறார்கள் என்ற நம்பிக்கை வந்தால், சில நாளில் அதுவே இன்னும் கொஞ்சம் இருக்கும். திருக்கல்யாண ஏடு, பட்டாபிஷேக ஏடு ஆகிய இரண்டு நாளும் குடும்பமாக முழுவதும் கேட்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

நேரம் மாறும் நாடுகளில் இருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். அமீரகம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஊரில் மாலை ஏழு மணிக்கு ஏடு ஒலிக்கும்போது அங்கே ஐந்தரை. தந்தை வேலையிலிருந்து திரும்பியே இருக்க மாட்டார். அத்தகைய வீடுகள் பதிவு செய்ததை இரவிலோ விடுமுறை நாளிலோ கேட்பதில் குறை ஒன்றும் இல்லை. குடும்பம் சேர்ந்து கேட்பதுதான் பெரிது. பதிவில் ஒரு வசதியும் உண்டு. பிள்ளை கேள்வி கேட்டால் நிறுத்திப் பதில் சொல்லலாம்.

செய்யக் கூடாதவை

பிள்ளையை அமைதிப்படுத்தக் கைபேசியைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைப்பது, ஏட்டை விட்டு எழுப்பி அனுப்புவதற்குச் சமம். காது இருக்கும், கவனம் போய்விடும். அப்படி இருப்பதைவிட அடுத்த அறையில் விளையாடுவது மேல்.

"அய்யா கண்ணைக் குத்துவார்" என்று பயமுறுத்துவது அதைவிடக் கேடு. அஞ்சிக் கிடந்த மக்களை நிமிர்த்தி, தலைப்பாகை கட்டச் செய்து, யாருக்கும் அஞ்சாமல் நடக்கச் சொன்னவர் அய்யா. அவர் பெயராலேயே ஒரு பிள்ளையை அஞ்ச வைப்பது அவர் வழிக்கு மாறு.

ஏட்டில் வரும் கொடிய காட்சிகளை மறைக்கவும் வேண்டாம், விரித்துப் பயமூட்டவும் வேண்டாம். அய்யாவைத் திருவிதாங்கூர் மன்னனின் ஆட்கள் சிறைப்படுத்திய பகுதி வரும்போது சில பிள்ளைகள் அழுவது உண்டு. அப்போது புலியின் கதையை முடிவு வரை சொல்லிவிட வேண்டும். கடித்துக் குதறட்டும் என்று கொண்டுவந்த புலி அய்யாவின் முன் பணிந்து கிடந்தது. அதிகாரம் ஏவியதை அந்த மிருகம் செய்யவில்லை என்பது பிள்ளைக்கு எளிதில் விளங்கும், நெடுநாள் நிற்கும்.

கலியனைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கவனம் வேண்டும். "அவன் கலியன், இவன் கலியன்" என்று தெருவில் இருப்பவரையோ வேறு சாதியாரையோ வேறு மதத்தாரையோ காட்டிக் கொடுத்தால், பிள்ளை வெறுப்பைத்தான் கற்கும். ஆயுதம் இல்லாத பண்டாரமாக வந்து நின்ற மாயோனைப் பார்த்துக் கலியன் ஏளனம் செய்த கதையைச் சொல்லி, "பள்ளிக்கூடத்தில் யாரையாவது அப்படி ஏளனம் செய்கிறார்களா?" என்று கேட்டால் போதும். கலியைத் தன் மனத்துக்குள் தேட அது தானே கற்றுக்கொள்ளும்.

பெரியவர்களின் கண் எங்கே?

இத்தனை உபாயங்களும் ஒன்றுக்குப் பிறகுதான். நேரலையில் "அய்யா உண்டு" என்று எழுதிப் போட்டுவிட்டு, அதே கைபேசியில் வேறு படம் பார்க்கத் தொடங்கும் தந்தையைப் பிள்ளை கவனிக்கிறது. ஏடு ஓடும்போது அடுத்த வாரக் கல்யாணத்துக்கு என்ன சேலை என்று பேசும் பெண்களையும் கவனிக்கிறது. பெரியவர்களுக்கே முக்கியம் இல்லாத ஒன்றில் தன்னை மட்டும் ஏன் கட்டிப் போடுகிறார்கள் என்று அதற்குத் தோன்றுவது நியாயம். வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளையும் ஒரு தட்டில் வைத்து அடுத்த அறையில் வைக்கும் வேலையைக் கடைக்குட்டியிடம் கொடுத்துப் பார்க்கலாம். அப்பாவிடமே கைபேசியைக் கேட்டு வாங்கும் அதிகாரம் எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும். அந்தத் தட்டில் முதல் கைபேசியை வைக்க வேண்டியவர் அப்பாதான்.

வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தவர்கள் தனி ஆள்களாகப் போனவர்கள் அல்லர். ஏறத்தாழ 700 குடும்பத்தார், பெண்டு பிள்ளைகளோடு போய்த் தங்கினார்கள். குளித்ததும் துவைத்ததும் சமைத்ததும் உண்டதும் எல்லோரும் சேர்ந்தே. பிள்ளைகளுக்கு ஓர் ஒழுங்கும் பெரியவர்களுக்கு வேறோர் ஒழுங்கும் என்று அங்கே இருந்ததில்லை. வீட்டில் ஏடு கேட்பதற்கும் அதே வழக்கம் பொருந்தும்.

வளர்ந்த பிள்ளை "எனக்கு இதில் ஈடுபாடு இல்லை" என்று வாய்விட்டுச் சொல்வதும் உண்டு. சண்டை பிடிக்காமல், "எது புரியவில்லை?" என்று கேட்பதே பெற்றோர் செய்யக் கூடியது. வரலாற்றில் நாட்டம் உள்ள பிள்ளைக்குத் தோள்சீலைப் போராட்ட காலத்துத் திருவிதாங்கூரைப் பற்றியும், கிணற்றில் நீர் எடுக்கவும் தடை இருந்த மக்களுக்கு முத்திரிக்கிணறு எப்படிப் பொதுக் கிணறாயிற்று என்பதைப் பற்றியும் சொல்லலாம். தொழில்நுட்பம் தெரிந்த பிள்ளையிடம் நேரலையைத் தொலைக்காட்சியில் இணைத்து, ஒலியைச் சீராக்கி, ஊரிலுள்ள தாத்தாவுக்கும் இணைப்பு அனுப்பும் பொறுப்பைக் கொடுக்கலாம். அதுவும் பணிவிடைதான். அந்தப் பிள்ளை அமர்ந்து கேட்காத நாளிலும், அதன் கையால்தான் ஏடு அந்த வீட்டுக்கு வருகிறது.

முடிந்த பிறகு

ஏடு முடிந்ததும் உடனே தொலைக்காட்சியை வேறு நிகழ்ச்சிக்கு மாற்றிவிடக் கூடாது. விளக்கின் முன் எல்லோரும் ஒரு முறை வணங்கி, வைத்திருந்த பழத்தையோ தேங்காயையோ பிள்ளையின் கையால் எல்லோருக்கும் கொடுக்கச் செய்யலாம். ஒரு பங்கைத் தனியாக எடுத்து, அடுத்த வீட்டுக்கோ காவலாளிக்கோ அதே இரவில் பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். தாங்கலில் ஏடு கேட்டவர்கள் யாரும் வெறுங்கையோடும் வெறும் வயிற்றோடும் திரும்பியதில்லை. அன்ன தர்மத்தோடு சேர்ந்ததுதான் ஏடு கேட்பது என்று பிள்ளை செய்து பார்த்தே அறிய வேண்டும்.

தூங்கப் போகும் முன் ஒரே ஒரு கேள்வி: "இன்றைக்குக் கேட்டதில் உனக்குப் பிடித்தது எது?" பதில் எதுவானாலும் திருத்த வேண்டாம். புலி என்றாலும் சரி, தேங்காய்த் துண்டு என்றாலும் சரி. மறுநாள் மாலை பாய் விரிக்க அந்தப் பிள்ளை தானாக வந்து நின்றால், அன்றைய ஏடு அந்த வீட்டில் வாசிக்கப்பட்டுவிட்டது.

அய்யா உண்டு.